வாத்தை அன்னமாக்கிய ஐயாவுக்கு

அந்தக் கவிதையின் கடைசிப் பகுதியை வெட்டியது நீங்கள்தான், ஐயா. அச்சகத்தார் இல்லை. பக்கம் போதாமல் போகவும் இல்லை. உங்கள் கையால், வாத்தியார் வேலை பார்த்த காலத்துச் சிவப்பு மையால் நீங்களே குறுக்குக்கோடு போட்டீர்கள். இப்போது நம் இலக்கிய வட்டத்தின் பழைய ஆண்டு மலர்களையெல்லாம் சேர்த்துப் பளபளப்பான அட்டையோடு தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் கவிதை வாலறுந்தபடியே நிற்கிறது. மேலே ‘ஒரு கண்ணீர்க் கவிதை’ என்று தலைப்பு. கீழே பக்கம் பக்கமாக உங்கள் ஆய்வு.

மூலத்தில் கண்ணீர் என்ற சொல்லே கிடையாது. அழுகிற ஆள் ஒருவர்கூட இல்லை. அதைத் தமிழில் கொண்டுவந்தவள் நான். எனக்குத் தெரியாதா?

வட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத வரும்.

எழுபதுகளின் கடைசியில் நான் இங்கே சிங்கப்பூரில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு வெளிநாட்டு அழைப்புகளை இணைத்துவிடும் வேலை. நாள் முழுக்க முகம் தெரியாத ஆட்களிடம் மரியாதையாகப் பேசிவிடுவதால், வீட்டுக்கு வந்தபின் தெரிந்த ஆட்களிடம் காட்ட மரியாதை மிஞ்சுவதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சரிதான்.

எங்கள் வீடு குவீன்ஸ்டவுனில். ஞாயிறு காலை மாதா கோவிலில் பூசை. மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் இருவரும் ஒரே பேருந்தில் ஏறி ஃபேரர் பார்க் போவோம். அவர் திடலில் காற்பந்து பார்க்கப் போவார். நான் பக்கத்துத் தெருவில் இருந்த சாப்பாட்டுக் கடையின் மாடிக்குப் போவேன். எங்கள் இலக்கிய வட்டம் அங்கேதான் கூடியது. கவிதை வாசிக்கும்போது கீழேயிருந்து ஆட்டுக்கறி வாசம் படியேறி வரும். எந்தக் கவிஞராலும் அதோடு போட்டி போட முடிந்ததில்லை.

வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் என்ன வாசித்தாலும் கடைசியில் ஐயா எழுந்து, அது என்ன திணை, என்ன துறை என்று சொல்லி முடித்துவைப்பார். அதைச் சொல்லாமல் யாரும் கீழே இறங்கிச் சாப்பிட முடியாது. ஒருமுறை ஒருவர் தன் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி பழுதாகி, ஒன்பதாவது மாடியில் மனைவியும் தரையில் தானுமாக நின்றதைப் பற்றிக் கவிதை வாசித்தார். ஐயா கொஞ்சம் யோசித்து, பிரிவு இருப்பதால் பாலை என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டோம். பசி அப்படி.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. ஐயாவிடம் படிப்பு இருந்தது. அந்த அறையில் இருந்த பாதிப் பேருக்கு அவர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். எதைக் கொடுத்தாலும் நம் பழைய பாட்டுக்குள் அதற்கு ஓர் இடம் கண்டுபிடித்துவிடுவார். அது திறமைதான். இடம் இல்லாதபோதும் கண்டுபிடித்துவிடுவார் என்பதுதான் தொல்லை.

அந்த நாட்களில் வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்களைத் தீவின் வடக்கே, பழைய இராணுவக் குடியிருப்பில் தங்கவைத்திருந்தார்கள். வேறு ஏதாவது நாடு ஏற்றுக்கொள்ளும்வரை அங்கே இருப்பார்கள். எங்கள் கோவில் பங்கிலிருந்து துணிமணி சேர்த்து அனுப்பினார்கள். நானும் போனேன். துணிகளைப் பிரித்து அடுக்கும் இடத்தில் அவளைப் பார்த்தேன்.

முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளி ஆசிரியை. பிரெஞ்சு நன்றாகத் தெரியும். ஆங்கிலம் உடைத்து உடைத்துப் பேசுவாள். பங்குப் பெண்கள் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அக்கா என்றாள். பிறகு மற்ற எல்லாரையும் அக்கா என்றாள், பங்குச் சாமியாரைத் தவிர. யாரையெல்லாம் விட்டுவிட்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

துணிக்குவியலில் ஒரு பிள்ளைச் சட்டை. நெஞ்சில் பெரிய வாத்துப் படம். அவள் அதை எடுத்துத் தன் மேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் வியட்நாம் மொழியில் எதையோ சொன்னாள். பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முடித்தாள். என்ன என்று கேட்டேன். கவிதை என்றாள். எதைப் பற்றி என்றேன். ஸ்பெயின் நாட்டில் கொலை செய்யப்பட்ட ஓர் ஓவியரைப் பற்றி என்றாள்.

கொலை செய்யப்பட்டவரைப் பற்றிய கவிதைக்கு ஏன் சிரிக்கிறாய் என்று நான் அதட்டினேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். உட்கார், சொல்கிறேன் என்றாள்.

அவள் சொன்னது இதுதான். ஸ்பெயினில் ஓர் ஊர். அங்கே ஓர் ஓவியர். மாளிகைக்கு வரைகிறவர் இல்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைகிறவர். ரொட்டிக் கடைக்குக் கோதுமைக் கதிர், சாராயக் கடைக்கு வாத்து, நாவிதருக்குச் சேவல். ஊரே அவர் வரைந்த படங்களுக்குக் கீழேதான் நடமாடுகிறது. சண்டைக் காலம். ஒரு விடியலில் சிப்பாய்கள் அவரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுகிறார்கள். ஏன் சுட்டார்கள் என்று கவிதை சொல்வதில்லை. யார் சிப்பாய்கள், எந்தப் பக்கம் என்றும் இல்லை. சுட்டவர்களுக்குத் தாகம் எடுக்கிறது என்று மட்டும் இருக்கிறது. சாராயக் கடைக்குப் போகிறார்கள். வாசலுக்கு மேலே பலகையில் வாத்து. நேற்று மாலை அவர் வரைந்தது. வண்ணம் இன்னும் காயவில்லை. சிப்பாய்கள் மேலே பார்க்கிறார்கள். வாத்து கீழே பார்க்கிறது.

வெட்டுப்பட்ட கவிதை இத்தோடு நின்றுவிடுகிறது. உண்மையான கவிதை இங்கேதான் தொடங்குகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முகாமில் இருந்தவர்கள் பகலில் வெளியே போய் வரலாம். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். நான் வெங்காயம் நறுக்க, அவள் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்ல, நான் அதைத் தமிழில் எழுதினேன். அவள் மீன் பொரித்தால் வீடு மூன்று நாளைக்கு மணக்கும். வீட்டுக்காரர் சன்னலைத் திறந்துவைத்து, கவிதை எப்போது முடியும் என்று கேட்பார். ஆனால் மீனை மிச்சம் வைத்ததில்லை.

கவிதை விஷயத்தில் நான் எதையும் கேட்காமல் விடுகிறவள் இல்லை. ஓவியருக்கு ஏன் பெயர் இல்லை என்று கேட்டேன். பெயர் போட்டால் அந்த ஒருவருக்கு மட்டும் ஆகிவிடும் என்றாள். ஏன் ஒரு வார்த்தைகூடச் சிப்பாய்களைத் திட்டவில்லை என்று கேட்டேன். வாத்து இருக்கிறதே, அது போதாதா என்றாள். கடைசியாக, வியட்நாமில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆள் எதற்கு ஸ்பெயினைப் பற்றி எழுதினார் என்று கேட்டேன்.

அவள் மீன் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

“அக்கா, எங்க ஊர்னு எழுதினா, எந்த ஊருன்னு கேட்டு ஆள் வருவாங்க. ஸ்பெயின்னு எழுதினா யாரும் கேட்க மாட்டாங்க. படிச்சவங்களுக்குத் தெரியும்.”

எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. ஒரு வாத்து ஆயுதம் வைத்திருக்கிற ஆம்பிளைகளை என்ன செய்துவிடும்? தேக்கா சந்தைப் பக்கம் வளர்ந்த எனக்கு வாத்து என்றால் கறி, இல்லாவிட்டால் முட்டை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இது குளத்தில் மிதக்கிற சின்ன வாத்து இல்லை, வீட்டுக்குக் காவல் வைக்கிற பெரிய வாத்து, கழுத்து இவ்வளவு நீளம் என்று கையை நீட்டிக் காட்டினாள். நீ அதை நேரில் பார்க்காமல் இந்தக் கவிதையை மொழிபெயர்க்கக் கூடாது என்றாள்.

என்னோடு வேலை பார்த்த சீனப் பெண்ணுக்குச் சுவா சூ காங்கில் தோட்டம் இருந்தது. கீரை, பன்றி, கோழி எல்லாம் உண்டு. வாசலில் காவலுக்கு வாத்துகள். ஒரு விடுமுறை நாளில் போனோம். சும்மா இருக்காமல் வீட்டுக்காரரும் கூட வந்தார். பேருந்தை விட்டு இறங்கி, மண் பாதையில் நடக்கும்போது வழியெல்லாம் கிண்டல்.

“ஒரு வாத்த பாக்க ரெண்டு பஸ் மாறி வந்த ஒரே ஆளு நீதான். ஊர்ல சொல்லாத, சிரிப்பாங்க.”

தோட்டத்து வாசலில் மூன்று வாத்துகள் நின்றன. நானும் அவளும் தள்ளி நின்றுகொண்டோம். வீட்டுக்காரர் மட்டும், கோழியை விரட்டுவதுபோல் கையைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார். நடு வாத்து கழுத்தைத் தரையோடு தாழ்த்தியது. பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம். அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகு திரும்பினார். பிறகு ஓடினார். நான் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அப்படி ஓடிப் பார்த்ததில்லை, பேருந்துக்குக்கூட. வாத்து இறக்கையை விரித்துக்கொண்டு பின்னாலேயே போய், கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் எட்டிப் பிடித்து, காற்சட்டையோடு சேர்த்துப் பின்பக்கத்தில் ஒரு கடி.

சீனப் பெண்ணின் அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்து, விரட்ட முடியாமல் துடைப்பத்தின் மேலேயே சாய்ந்து சிரித்தார். என் வியட்நாம் தோழி சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அடிவயிறு வலித்தது. வீட்டுக்காரர் பாத்திக்கு அந்தப் பக்கம் நின்று பின்னால் தடவிக்கொண்டே சொன்னார்:

“கவித சரிதான் லா. ஒழுங்கா எழுது.”

அன்றைக்குத்தான் எனக்குக் கவிதை புரிந்தது. அந்த வாத்து அவருடைய இடுப்புக்குக்கூட வராது. ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வளர்ந்த ஆம்பிளை ஓடினார். ஓடுகிறவனைப் பார்த்து ஊர் சிரித்துவிட்டால், அதற்குப் பிறகு அவன் கையில் எது இருந்தாலும் பழைய பயம் வராது. அந்த வியட்நாமியக் கவிஞர், செத்துப்போன ஓவியருக்கு மாலை போடவில்லை, மண்டபம் கட்டவில்லை. கொன்றவர்களை ஓடவிட்டார். அவர் செய்த மரியாதை அதுதான்.

வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்க ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தார்.

அடுத்த வட்டக் கூட்டத்தில் கவிதையை வாசிப்பது என்று முடிவானது. தோழியையும் அழைத்துவரச் சொன்னார்கள். அதற்கு முந்தின வாரம் பொருளாளர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். அவருக்கு உள்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சாமிப் படங்கள்தான் அதிகம். கொலையான கலைஞரின் படம் ஒன்று வேண்டும் என்றார். எங்கள் வட்டத்தில் செத்தவரைப் பற்றிப் பேச்சு வந்தால் படம், மாலை, குத்துவிளக்கு, எழுந்து நின்று மௌன அஞ்சலி எல்லாம் உண்டு. படம் என்னிடம் இல்லை, அவருக்குப் பெயர்கூட இல்லை என்றேன். படம் இல்லாமல் எப்படியம்மா மௌனமாக நிற்பது என்று கேட்டார். மனிதர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனால் மேசையில் படம் இருக்கிறது. மீசை வைத்த வெள்ளைக்காரர், கோட்டு, நல்ல சிரிப்பு. கழுத்தில் சந்தன மாலை. கீழே விளக்கு. பொருளாளர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

எனக்கு அந்த ஆளைத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் படச்சட்டங்களில் மாதிரிக்காக ஒரு படம் செருகி வைத்திருப்பார்களே, அவர்தான். என் கல்யாணப் படத்துக்கு வாங்கிய சட்டத்திலும் இவரே இருந்தார். பெரிய அளவுச் சட்டம் வாங்கினால் இவரோடு ஒரு மனைவியும் ஒரு நாயும் இருப்பார்கள்.

எல்லாரும் எழுந்து நின்றோம். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். தோழி என் காதோரம் குனிந்து, யார் இவர் என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வந்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், நாடு விட்டு வந்த பெண் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் தடவத் தடவக் குலுக்கல் அதிகமானது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் அப்போது கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள், ஐயா. உங்கள் ஆய்வில், ‘அம்மாது வடித்த கண்ணீரே இக்கவிதைக்குச் சிறந்த உரை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாராட்டுகிறேன். அது மாதிரிப்பட ஆசாமிக்காக வந்த கண்ணீர்.

பிறகு அவள் எழுந்து வியட்நாம் மொழியில் சொன்னாள். அடுத்து நான் தமிழில் வாசித்தேன். பலகையில் வாத்து வருகிற இடம்வரை அறை அமைதியாக இருந்தது. அதன்பின் வந்த பகுதியை, அச்சில் வராமல் போன பகுதியை, இங்கே எழுதுகிறேன்.

பலகையை விட்டு இறங்கியது வாத்து.
ஈர வண்ணம் சொட்டச் சொட்ட
கடைத்தெரு முழுக்கத் துரத்தியது.
துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஓடினார்கள்.
ஒவ்வொருவர் பின்பக்கத்திலும் மஞ்சளாய் ஒரு கடி.
ஆற்றில் துணி துவைக்கும் பெண்கள் பார்த்தார்கள்.
இந்தக் கறை போகாது என்று சிரித்தார்கள்.
மண்ணுக்குள் ஓவியரும் சிரித்தார்.
என் ஊரிலும் கடைப்பலகைகள் இருக்கின்றன.
என் ஊரிலும் வண்ணம் காயவில்லை.

துப்பாக்கி வரி வந்தபோதே பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். கடி வந்ததும் பொருளாளர் வாய்விட்டுச் சிரித்தார். கீழேயிருந்து தேநீர் கொண்டுவந்த கடைக்காரர் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்து, கடைசியில் முதல் நாற்காலிக்கு வந்தது. நீங்கள் சிரித்தீர்கள், ஐயா. முதலில் இருமலைப் போலத்தான் செய்து பார்த்தீர்கள். முடியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினீர்கள். வேட்டி மடியில் வைத்துத் துடைத்தீர்கள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்:

“எங்க கடிச்சுச்சு? இன்னொரு தடவ வாசிம்மா.”

நான் வாசித்தேன். நீங்கள் மறுபடியும் சிரித்தீர்கள்.

அதன்பின் வழக்கப்படி துறை சொல்ல எழுந்தீர்கள். மேசையில் இருந்த படத்தைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், அவளைப் பார்த்தீர்கள்.

“இதுக்கு அடுத்த மாசம் சொல்றேன். இப்போ எல்லாரும் சாப்பிடப் போங்க.”

வட்டத்தின் சரித்திரத்தில் துறை தெரியாமல் சாப்பிடப் போனது அன்று ஒரு நாள்தான். அன்றைக்குக் கறியும் நன்றாக இருந்தது.

சாப்பிடும்போது தோழி என்னிடம் ஒன்று கேட்டாள். கவிதை அவள் மனத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது வந்த இதழும் போய்விட்டது, எழுதியவர் இருக்கிறாரா இல்லையா என்றும் தெரியாது. தமிழில் அச்சானால் அந்தப் புத்தகத்தை அவளுக்கு அனுப்ப வேண்டும். அவளால் வாசிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, எங்கேயாவது முழுசாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்றாள். அனுப்புகிறேன் என்று சொன்னேன். சில வாரத்தில் கனடா அவளை ஏற்றுக்கொண்டது. விமான நிலையத்தில் வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தார். உள்ளே சின்னதாக மஞ்சள் நூலில் வாத்து போட்டுக் கொடுக்கச் சொல்லி என்னைத் தொல்லை செய்து வாங்கிய சட்டை.

ஆண்டு மலர் வந்தது. பிரித்துப் பார்த்தேன். வாத்தைக் காணோம். சாராயக் கடைப் பலகையில் அன்னம் உட்கார்ந்திருந்தது. பாலையும் நீரையும் பிரிக்குமே, அந்த அன்னம். சாராயக் கடையில் அதற்கு என்ன வேலையோ. அன்னம் கீழே பார்த்தது. கவிதை முடிந்துவிட்டது. ஆய்வில், இது வள்ளலை இழந்த புலவன் புலம்பும் கையறுநிலைத் துறை என்றும், அன்னம் என்பது தூய ஆன்மா என்றும், அது பாவத்தையும் புண்ணியத்தையும் பிரித்துப் பார்க்கிறது என்றும் இருந்தது.

மலரை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அன்பாகத்தான் உட்காரச் சொன்னீர்கள். நான் உட்காரவில்லை.

“ஐயா, வாத்து எங்க?”

“வாத்துன்னா நல்லா இருக்காதும்மா. செத்தவருக்கு ஒரு மரியாத வேணாமா? அதான் அன்னம்னு போட்டேன்.”

“அன்னம் எங்கயாச்சும் ஆள கடிச்சிருக்கா?”

“கடிக்காது. அதனாலதான் அந்தக் கடைசிப் பகுதி பொருந்தல. எடுத்துட்டேன்.”

“நீங்க பறவய மாத்துவீங்க. அது பொருந்தலன்னு அவர் எழுதினத வெட்டுவீங்களா?”

“பின்பக்கம்னுலாம் வருதும்மா. பெரிய ஆளுங்க கைக்குப் போற மலரு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்.”

உங்கள் மனைவி பலகாரம் கொண்டுவந்தார். முறுக்கு. கோபத்தில் தின்றேன், நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மலரை நான் அவளுக்கு அனுப்பவில்லை. வெட்டிவிட்டார்கள், முழுசாக வந்ததும் அனுப்புகிறேன் என்று எழுதினேன். அவர்தானே இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார், அவரா வெட்டினார் என்று பதில் கேட்டாள். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள், பத்து ஆண்டு காத்திருந்தேன். அந்தப் பதிப்பும் வந்துவிட்டது. அதே அன்னம்.

வெட்டினால் என்ன குறைந்துவிட்டது என்று தொகுப்பைப் படித்த ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கவிதையில் கொலைகாரர்களுக்குப் பெயர் இல்லை, அடையாளம் இல்லை. அவர்களைக் காட்டிக்கொடுப்பது காற்சட்டையில் இருக்கிற மஞ்சள் கறை ஒன்றுதான். அதுவும் செத்தவர் குழைத்த வண்ணம். அந்த வரியை வெட்டினால் கொன்றவர்கள் தாகம் தீரக் குடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் அவர்களைத் தப்பவிட்டீர்கள்.

வியட்நாமியக் கவிஞர் ஏன் ஸ்பெயினுக்குப் போனார் என்ற கேள்வியை உங்கள் ஆய்வில் நீங்களே எழுப்பி, கலைக்கு எல்லை இல்லை என்று நீங்களே பதிலும் சொல்கிறீர்கள். கவிஞர் அதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார். ‘என் ஊரிலும்’ என்று தொடங்கும் கடைசி இரண்டு வரிகள்தான் அந்தப் பதில். அவற்றை எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன செய்வது? அவர் துணிந்து எழுதியதே அந்த இரண்டு வரிதான். மிச்சமெல்லாம் அதற்குப் போட்ட வேலி.

கையறுநிலை என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கும் நிலை. இந்தக் கவிதையில் யாரும் சும்மா நிற்கவில்லை. செத்தவர்கூடச் சும்மா இல்லை. நம் துறைப் பட்டியலில் இதற்கு இடம் இல்லாவிட்டால், இல்லை என்று சொல்வதில் என்ன கேவலம்? அன்றைக்கு அடுத்த மாதம் சொல்கிறேன் என்று உட்கார்ந்தீர்களே, அப்போது உங்கள் மேல் எனக்கு வந்த மரியாதை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இந்த ஆண்டு இறுதி விடுமுறைக்கு அவள் சிங்கப்பூர் வருகிறாள். கணவரோடும் மகளோடும் வருகிறாள். எங்கள் வீட்டில்தான் தங்கப்போகிறார்கள். வீட்டுக்காரர் இப்போதே எல்லாச் சன்னல்களையும் எண்ணெய் போட்டுச் சரிபார்த்து வைத்திருக்கிறார். சுவா சூ காங்கில் அந்தத் தோட்டம் இப்போது இல்லை. அங்கே வீடமைப்புக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் வாத்து கடித்த இடத்தைக் காட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்த இடத்தை என்று நான் கேட்கவில்லை.

அவள் கேட்டது ஒன்றுதான்: வட்டக் கூட்டத்துக்கு அழைத்துப் போ, புத்தகத்தைக் காட்டு. மகளுக்குக் கவிதையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாளாம். அந்தப் பிள்ளை புத்தகத்தை விரித்து, இதில் வாத்து எந்த வரியில் ஓடுகிறது, விரலை வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டால் நான் எங்கே விரலை வைப்பது?

இந்தத் தொகுப்பை நான் அவள் கையில் கொடுக்க மாட்டேன். வெட்டிய பகுதியைத் தனித்தாளில் அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டுங்கள். செலவை நானே தருகிறேன், அது பெரிய காரியம் இல்லை. அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையை வட்டத்தின் செய்தி ஏட்டுக்கு அனுப்புகிறேன். செயலாளர் போடாவிட்டால் படியெடுத்து மாடிப்படியில் நின்று நானே கொடுப்பேன். டிசம்பர் கூட்டத்தில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பொருளாளர் இருப்பார், கடைக்காரர் தட்டோடு வருவார். அன்று அந்த அறையில் இருந்தவர்கள் பலரும் இருப்பார்கள். எனக்குத் திணையும் வேண்டாம், துறையும் வேண்டாம். தொலைபேசியில் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவும் வேண்டாம். நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதை இணைத்துவிட்டவள் நான், தனிப்பேச்சு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

எல்லார் முன்னாலும், ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், ஐயா. அந்தக் கவிதையைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்களா, இல்லையா?